காத்திருந்து பார்க்கும் வெளிச்சம்: உலோக–பெப்தைட்டு உளவிகள் எப்படி வேலை செய்கின்றன, எங்கே ஏமாற்றுகின்றன

கொழும்பில் தைரொயிட் பரிசோதனை செய்துகொண்டவர்கள் அந்த அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்க்கலாம். தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோனான டி.எஸ்.எச். அளவுக்குப் பக்கத்தில், பரிசோதனை முறையைச் சொல்லும் இடத்தில், ஈ.சி.எல்.ஐ.ஏ. என்று சிறிய எழுத்தில் இருக்கக்கூடும். அப்படி இருந்தால் உங்கள் குருதியிலிருந்த ஹோர்மோனை அளந்தது ருதேனியம் என்ற உலோகத்தின் செம்மஞ்சள் வெளிச்சம்.

அந்த முறையில் ஒரு பிறபொருளெதிரியோடு ருதேனியம்–பைபிரிடைன் சிக்கல் (பைபிரிடைன் என்ற சேதன வளையங்கள் உலோகத்தைப் பிடித்திருக்கும் சேர்வை) ஒட்டப்பட்டிருக்கும், இன்னொன்றோடு பயோட்டின். இரண்டும் ஹோர்மோனை நடுவில் வைத்துப் பிடிக்கும். பயோட்டின் முனை காந்தத் துணிக்கைகளில் ஒட்டிக்கொள்ள, காந்தம் அவற்றை மின்வாயில் இழுத்து நிறுத்தும். மின்னழுத்தம் கொடுத்ததும் கரைசலிலுள்ள ட்ரைபுரொப்பைலமீனும் ருதேனியமும் இலத்திரன்களைக் கைமாற்றி, 620 நனோமீற்றர் அளவில் ஒளியைக் காலும். தலைமுடிக்கும் நகத்துக்கும் என்று 5 அல்லது 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரை விழுங்குகிறவர்களிடம் இந்த முறை தடுமாறியதுண்டு. குருதியில் மிதக்கும் பயோட்டின், துணிக்கைகளின் இடத்தை முதலிலேயே நிரப்பிவிடும்; டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து தெரியும். மாத்திரை பற்றி ஆய்வுகூடத்தில் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இப்போது அந்தப் பெரிய பிறபொருளெதிரியை எடுத்துவிட்டு, அதனிடத்தில் 8 அல்லது 10 அமினோ அமிலம் கொண்ட சிறு பெப்தைட்டு ஒன்றை வையுங்கள். மின்வாய்க்குப் பதில் நீல லேசர். மாதிரிக் குழாய்க்குப் பதில் உயிருள்ள கலம். இதுதான் உலோக–பெப்தைட்டு உளவி. ஒளிர்வது உலோகம், வழி காட்டுவது பெப்தைட்டு. சொல்ல எளிது. ஆனால் இதைச் சாதாரணச் சாயம் போல நினைத்துப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பெரும்பாலும் மங்கலான படமும் தவறான முடிவுமே கிடைக்கும்.

மங்கலான வெளிச்சத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு

முதலில் ஒரு கசப்பான கணக்கு. புளோரசீன் என்ற பழைய சாயம் தான் உறிஞ்சும் ஒளித்துணிக்கைகளில் பத்துக்கு ஒன்பதைத் திருப்பித் தரும். மூன்று பைபிரிடைன் பிடித்திருக்கும் ருதேனியம், காற்றுப்பட்ட நீரில், நூற்றுக்கு நாலையே தரும். அது உறிஞ்சும் திறனும் குறைவு. புளோரசீனின் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். இரண்டையும் பெருக்கினால் ருதேனியம் நூறு மடங்குக்கும் மேல் மங்கல். பிரகாசமான படம் மட்டும் வேண்டுமென்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டுப் புளோரசீன் வாங்கலாம்.

உலோகத்தின் மதிப்பு நேரத்தில் இருக்கிறது. புளோரசீன் உறிஞ்சிய ஒளியை 4 நனோசெக்கனில் திருப்பித் தந்துவிடும். கலத்தின் சொந்த ஒளிர்வும், அதாவது பிளேவின், என்.ஏ.டி.எச். போன்றவற்றின் பச்சை–நீல மினுக்கமும், சில நனோசெக்கனில் அணைந்துவிடும். ருதேனியமோ காற்றுப்பட்ட நீரில் 400 நனோசெக்கன் அளவுக்கும், ஒட்சிசன் நீக்கிய நீரில் 600 அளவுக்கும் ஒளிரும். பம்பலப்பிட்டியில் காலி வீதியோரம் நிற்கும்போது சிக்னல் விழுந்து பஸ் ஹோர்ன்கள் ஓய்ந்த பிறகும் கதிரேசன் கோயில் மணியின் ரீங்காரம் காதில் நிற்பதில்லையா, அதுபோல. இரைச்சல் அடங்கும் வரை காத்திருந்து கேட்டால் மணி மட்டுமே மிஞ்சும்.

தாமதத்துக்குக் காரணம் இலத்திரனின் சுழற்சி. 450 நனோமீற்றர் நீல ஒளி பட்டதும் உலோகத்தின் இலத்திரன் ஒன்று பைபிரிடைன் வளையத்துக்குத் தாவுகிறது. பாரமான அணுவின் செல்வாக்கில் அதன் சுழற்சி திரும்பி, மும்மை நிலை என்ற மேடையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அங்கிருந்து கீழிறங்க வேண்டுமானால் சுழற்சி மீண்டும் திரும்ப வேண்டும். அது இலகுவில் நடக்காது. அந்தத் தயக்கம்தான் நமக்கு ஆயுட்காலமாகக் கிடைக்கிறது. இன்னொரு இலாபமும் உண்டு. 450 இல் உள்ளே போன ஒளி 620 இல் வெளியே வருவதால் இடைவெளி பெரிது. ஒரு மூலக்கூறு காலும் ஒளியைப் பக்கத்து மூலக்கூறு விழுங்கிவிடாது.

லந்தனைட்டுகளான யூரோப்பியமும் டெர்பியமும் இன்னும் மெதுவானவை. அவற்றின் ஆயுட்காலம் மில்லிசெக்கன் கணக்கு. ஆனால் தாமாக ஒளியை உறிஞ்சும் திறன் அனேகமாக இல்லை என்றே சொல்லலாம். எனவே பக்கத்தில் நன்றாக உறிஞ்சும் ஒரு சேதன வளையத்தை வைத்து, அது வாங்கிய சக்தியை உலோகத்துக்கு ஊட்ட வேண்டும். 1942 இல் வைஸ்மன் கண்டறிந்த இந்த வழியை இன்று அன்டெனா விளைவு என்கிறார்கள். யூரோப்பியம் 615 நனோமீற்றரிலும் டெர்பியம் 545 இலும் கோடு போட்டாற்போல் மெல்லிய பட்டைகளில் ஒளிரும்.

இந்த இரண்டு நிறங்களும் உங்களுக்குப் புதியவையல்ல. சி.எப்.எல். மின்குமிழின் சிவப்பு யூரோப்பியத்திலிருந்தும் பச்சை பெரும்பாலும் டெர்பியத்திலிருந்தும்தான் வருகிறது. அதனாலேயே யூரோப்பியம் அளக்கும் கருவியின் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால், கூரையிலுள்ள விளக்கு மிகச்சரியாக நீங்கள் பார்க்கும் அலைநீளத்தில் வந்து விழும். வெற்று மாதிரியும் ஒளிர்கிறதே என்று கரைசலைக் குற்றம் சொல்வதற்கு முன் அறை விளக்கை அணைத்துப் பாருங்கள்.

பெப்தைட்டு எதற்கு

ருதேனியம்–பைபிரிடைன் தனியாகக் கலத்துக்குள் நுழைவது கடினம். அது நேரேற்றம் உள்ளது, நீரில் நன்றாகக் கரையும், கொழுப்பாலான மென்சவ்வு அதை விடாது. எட்டு ஆர்ஜினின் கொண்ட தொடரை ஒட்டினால் நிலைமை மாறும். டப்ளின் சிற்றி பல்கலைக்கழகத்தில் டியா கீஸ் குழு ருதேனியத்தோடு இதைச் செய்து காட்டியது. அதே குழு கருவுக்கும் இழைமணிக்கும் தனித்தனி முகவரி கொண்ட பெப்தைட்டுகளையும் கோத்துப் பார்த்தது. இழைமணிக்குப் போகும் பெப்தைட்டுகளில் நேரேற்றமுள்ள அமினோ அமிலமும் நீரை வெறுக்கும் அமினோ அமிலமும் மாறி மாறி வரும். அந்த விதியை ஒழுங்குபடுத்தியவர் வேதியியலாளர் ஷானா கெலி. இழைமணியின் உள் மென்சவ்வில் உள்பக்கம் எதிராக 150 மில்லிவோல்ற்றுக்கு மேல் அழுத்த வேறுபாடு இருப்பதால் நேரேற்றம் அங்கே இழுபடும், எண்ணெய்த்தன்மை மென்சவ்வைக் கடக்க உதவும். எண்ணெய்த்தன்மை கூடினால் பார்க்கும் மென்சவ்விலெல்லாம் ஒட்டும், குறைந்தால் வெளியிலேயே நிற்கும்.

ஆர்ஜினின் வாலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உள்ளே போவது ஒன்று, உள்ளே போய் விடுதலையாவது வேறொன்று. கலம் அதை ஒரு பையில் விழுங்கி அப்படியே வைத்திருக்கும். கருவைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகத் தெரியும் படம் அனேகமாக அந்தப் பைகளின் படமே. கருவுக்கான முகவரி எழுதி அனுப்பிய கடிதம் தபால் மூட்டைக்குள்ளேயே கிடந்தால் முகவரியால் என்ன பயன்?

தயாரிக்கும் முறையும் சறுக்கும் இடங்களும்

ருதேனியச் சிக்கல் உறுதியானது. பெப்தைட்டைத் திண்ம ரெசினில் வளர்த்து, அங்கேயே ருதேனியத்தைப் பிணைத்து, பிறகு ட்ரைபுளோரோஅசற்றிக் அமிலத்தில் வெட்டினாலும் உலோகம் அசையாது. ரிங்க் அமைட்டு ரெசின் 100 மில்லிகிராமை எடுத்துக்கொள்வோம். கிராமுக்கு 0.5 மில்லிமூல் என்ற ஏற்றளவில் அதில் 50 மைக்கிரோமூல் பெப்தைட்டு இருக்கும். கடைசி அமினோ அமிலத்துக்கு மேல் ஒரு அமினோஹெக்சனோயிக் அமிலத்தை இடைக்கண்ணியாக வையுங்கள். பருத்த உலோகச் சிக்கல் பெப்தைட்டோடு முட்டாமல் நிற்க அது உதவும். பிறகு, ஒரு பைபிரிடைனில் கார்பொட்சிலிக் அமிலம் தாங்கிய ருதேனியச் சிக்கலின் ஹெக்சாபுளோரோபொஸ்பேற்று உப்பு, இரண்டு பங்கு, அதாவது 100 மைக்கிரோமூல், சுமார் 92 மில்லிகிராம். பிணைக்கும் பொருளாகப் பைபொப் 52 மில்லிகிராம், காரமாக டி.ஐ.பி.ஈ.ஏ. 35 மைக்கிரோலீற்றர், கரைப்பானாக டி.எம்.எப். 1 மில்லிலீற்றர். இருட்டில் இரவு முழுவதும் குலுக்க விடுங்கள்.

வழக்கமான பிணைக்கும் பொருள்களான எச்.பி.ரி.யு. அல்லது ஹாற்று கைவசம் இருக்கும்போது ஏன் பைபொப்? சாதாரண அமினோ அமிலம் அரை மணியில் பிணையும், உலோகச் சிக்கல் மெதுவாகத்தான் பிணையும். காத்திருக்கும் அமீனை மிகையாக உள்ள எச்.பி.ரி.யு. தானே பிடித்து மூடிவிடும். திணிவு நிறமாலையில் பெப்தைட்டின் திணிவோடு 98 கூடித் தெரிந்தால் நடந்தது இதுதான். பைபொப் இப்படிச் செய்வதில்லை.

அடுத்த தொல்லை நிறம். அமீன் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கும் நின்ஹைட்ரின் சோதனையில் ரெசின் நீலமாக வேண்டும் அல்லது நிறமின்றி இருக்க வேண்டும். இங்கே ரெசின் ஏற்கெனவே செங்கல் நிறத்தில் இருக்கும். நீலமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ரெசின் உருண்டைகள் சிலவற்றை எடுத்து, சிறு அளவில் அமிலத்தில் வெட்டித் திணிவு பார்ப்பதே நம்பகமானது. கழுவும்போதும் பொறுமை வேண்டும். டி.எம்.எப்., டைகுளோரோமெதேன், மெதனோல் என்று மாற்றி மாற்றி, வடிவது நிறமற்றதாகும் வரை கழுவ வேண்டும். ஒட்டாத ருதேனியம் ரெசினின் துளைகளில் ஒளிந்திருந்தால் பிறகு வேறுபிரிப்பு நிரலில் முழு நாளையும் தின்றுவிடும்.

வெட்டுவதற்கு ட்ரைபுளோரோஅசற்றிக் அமிலம் 95, நீர் 2.5, ட்ரைஐசோபுரொப்பைல்சைலேன் 2.5 என்ற விகிதத்தில் 2 மில்லிலீற்றர் போதும். வழக்கமான 2 மணித்தியாலம் எட்டு ஆர்ஜினினுக்குப் போதாது. ஒவ்வொன்றின் மீதும் பி.பி.எப். என்ற காப்புக் கூட்டம் இருக்கிறது. எட்டும் கழல 3 முதல் 4 மணித்தியாலம் கொடுங்கள். திணிவு 252 கூடினால் ஒரு காப்பு கழலவில்லை, 504 என்றால் இரண்டு. குளிர்ந்த ஈதரில் ஊற்றினால் செம்மஞ்சள் வீழ்படிவு கிடைக்கும்.

தூய்தாக்கும்போது 214 நனோமீற்றரையும் 450 ஐயும் சேர்த்துப் பாருங்கள். இரண்டிலும் வரும் உச்சிதான் வேண்டியது. 214 இல் மட்டும் தெரிவது உலோகம் ஒட்டாத பெப்தைட்டு. சிலவேளை ஒரே திணிவோடு அடுத்தடுத்து இரண்டு உச்சிகள் வரும். புதிதாகச் செய்கிறவர்கள் ஒன்றைக் கழிவென்று ஊற்றிவிடுவதுண்டு. உண்மையில் ருதேனியச் சிக்கலுக்கு இடப்பக்க, வலப்பக்க முறுக்குகள் இரண்டு உண்டு; தானும் இடக்கை–வலக்கை வேறுபாடுள்ள பெப்தைட்டோடு சேரும்போது அவை தனித்தனிச் சேர்வைகளாகிவிடும். இரண்டும் உங்களுடையவையே. ருதேனியத்துக்கு உறுதியான சமதானிகள் ஏழு இருப்பதால் திணிவு நிறமாலையில் வரும் சீப்புப் பல் போன்ற வடிவமே அதன் கையொப்பம்.

கடைசியில் எதிரயன். ஹெக்சாபுளோரோபொஸ்பேற்று உப்பு நீரில் கரையாது. எனவே ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் பெப்தைட்டில்லா ருதேனியத்தை அசற்றோனில் கரைத்து, டெற்றாபியூற்றைலமோனியம் குளோரைட்டைச் சேர்த்துக் குளோரைட்டாக வீழ்படிவாக்க வேண்டும். பெப்தைட்டு உப்பில் மிஞ்சும் ட்ரைபுளோரோஅசற்றேற்றும் கலங்களுக்கு உகந்ததல்ல. கலத்தில் இடுவதற்கு முன் அதையும் குளோரைட்டாக மாற்றுவது நல்லது.

லந்தனைட்டில் வரிசையே தலைகீழ். யூரோப்பியத்தை டோட்டா என்ற வளையக் கூடு பிடித்திருக்கிறது; வெட்டும் அமிலத்தில் அந்தப் பிடி நம்பத்தக்கதல்ல. ஆகவே உலோகமில்லாத டோட்டாவை, மூன்று அமில முனைகளும் மூடப்பட்ட நிலையில், ரெசினில் பிணைத்து, வெட்டித் தூய்தாக்கிய பிறகே யூரோப்பியம் குளோரைட்டைச் சேர்க்க வேண்டும். பி.எச். 5.5 முதல் 6.5 வரை, 50 முதல் 60 பாகை செல்சியஸ், சில மணித்தியாலம். சேர்க்கும்போது அமிலம் விடுபட்டு பி.எச். இறங்கும், அடிக்கடி பார்த்து நீர்த்த சோடியம் ஐதரொட்சைட்டால் ஏற்ற வேண்டும். 7 ஐத் தாண்டிவிட்டால் பிடிபடாத உலோகம் ஐதரொட்சைட்டாகக் கலங்கும். சுயாதீன யூரோப்பியம் மிஞ்சியிருக்கிறதா என்பதை சைலினோல் ஒரேஞ்சு சொல்லும். பி.எச். 5.8 அளவில் மஞ்சளாகவே இருந்தால் மிச்சமில்லை, ஊதாவானால் இருக்கிறது. அந்த மிச்சத்தோடு பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசலில் போட்டால் யூரோப்பியம் பொஸ்பேற்று வெண்மையாக இறங்கும். ஹெப்பெஸ் தாங்கற் கரைசலே பாதுகாப்பு.

கூட்டுக்குள் யூரோப்பியம் எத்தனை நீர் மூலக்கூறைப் பிடித்திருக்கிறது என்பதை ஆயுட்காலத்திலிருந்தே கணக்கிடலாம். நீரின் ஒட்சிசன்–ஐதரசன் அதிர்வு யூரோப்பியத்தின் சக்தியைத் திருடும், பாரநீரின் அதிர்வு அவ்வளவாகத் திருடாது. இரண்டிலும் ஆயுட்காலத்தை மில்லிசெக்கனில் அளந்து, நீருக்குரியதன் தலைகீழிலிருந்து பாரநீருக்குரியதன் தலைகீழையும் 0.25 ஐயும் கழித்து, 1.2 ஆல் பெருக்க வேண்டும். நீரில் 0.6, பாரநீரில் 2.0 என்றால் விடை 1.1, அதாவது ஒரு நீர் மூலக்கூறு. ஒரு கை அமைட்டாக மாறிய டோட்டாவுக்கு எதிர்பார்க்க வேண்டியது அதுதான். 3 வந்தால் உலோகம் கூட்டுக்குள் சரியாக உட்காரவில்லை.

ஒட்சிசனை அளப்பது

ருதேனிய உளவியின் மிகத் தெளிவான பயன் இதுதான். கரைந்துள்ள ஒட்சிசன் மூலக்கூறு முட்டும்போது கிளர்ந்த ருதேனியத்தின் சக்தி அதற்குப் போய்விடும். ஒட்சிசன் கூடக்கூட ஆயுட்காலம் குறையும். ஒட்சிசன் இல்லாதபோதுள்ள ஆயுட்காலத்தை இப்போதுள்ள ஆயுட்காலத்தால் வகுத்தால் கிடைப்பது, ஒன்றோடு, ஒட்சிசன் செறிவை ஒரு மாறிலியால் பெருக்கியதைக் கூட்டியதற்குச் சமம். ஸ்ரேர்ன்–வோல்மர் சமன்பாடு என்பது இதுதான். பைபிரிடைன் சிக்கலில் 600 நனோசெக்கன் காற்றுப்பட்ட நீரில் 400 அளவுக்கு இறங்கும்; கலத்துக்குள் நடக்கும் சிறு மாற்றங்களைப் பிரித்தறிய இது காணாது. பைபிரிடைனுக்குப் பதில் டைபினைல்பினான்திரோலின் வைத்தால் 5 மைக்கிரோசெக்கன் அளவிலிருந்து 1 ஐ ஒட்டி இறங்கும். வீச்சு அகலமாகிறது. அதற்கு விலையாக மூலக்கூறு எண்ணெய்த்தன்மை கூடி நீரில் திரளத் தொடங்கும். நீரில் கரையும் பெப்தைட்டு வால் இருந்தால்தான் சமாளிக்கலாம்.

பிரகாசத்தை வைத்து ஒட்சிசனைச் சொல்லக் கூடாது. ஒரு மூலை மங்கலாகத் தெரிந்தால் அங்கே ஒட்சிசன் கூடவாக இருக்கலாம், அல்லது உளவி குறைவாகப் போயிருக்கலாம். ஆயுட்காலம் உளவியின் அளவைச் சார்ந்ததல்ல.

வெப்பநிலையை மறந்தால் இதுவும் பொய் சொல்லும். காற்றோடு சமநிலையிலுள்ள நீரில் 25 பாகையில் ஒட்சிசன் லீற்றருக்கு 0.26 மில்லிமூல் அளவு. 37 பாகையில் அது 0.21 ஆகக் குறையும். சூடாகும்போது ருதேனியத்தின் ஆயுட்காலமும் தானாகவே குறுகும். ஏ.சி. ஓடும்போது 24, மின்வெட்டில் 31 என்று மாறும் கொழும்பு அறையில் காலையில் வரைந்த அளவுத்திருத்தக் கோடு பின்னேரம் பொருந்தாது. கலத்தை 37 பாகையில் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அளவுத்திருத்தத்தையும் 37 இலேயே, புரதம் கலந்த அதே ஊடகத்திலேயே செய்யுங்கள். உளவி புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் ஒட்சிசன் எளிதில் முட்ட முடியாது. ஆயுட்காலம் நீண்டு, ஒட்சிசன் இல்லாத இடம் போலத் தெரியும்.

நாகமும் செம்பும்

உலோக அயனைத் தேடும் உளவியில் பெப்தைட்டு முகவரியாக மட்டுமன்றிப் பொறியாகவும் வேலை செய்கிறது. நாகத்தை (துத்தநாகத்தை) பிடிக்கும் நாகவிரல் புரதங்களின் துண்டொன்றை எடுத்தால், அதிலுள்ள இரண்டு சிஸ்டீனும் இரண்டு ஹிஸ்டிடினும் நாகத்தைப் பிடித்ததும் பெப்தைட்டு மடியும். மடியும்போது அன்டெனா லந்தனைட்டுக்கு அருகில் வரும்படி அமைத்தால் நாகம் வந்ததும் வெளிச்சம் ஏறும். கிரெனோபிளில் ஒலிவியே செனெக் குழு இந்த வழியில் நிறைய வேலை செய்திருக்கிறது. சிஸ்டீன்கள் காற்றில் ஒட்சியேறிக் கைகோத்துவிட்டால் பொறி இறுகிப் பயனற்றுப் போகும். அதைத் தடுக்க டி.ரி.ரி. போடக் கூடாது, அது தானே நாகத்தைப் பிடிக்கும், ரி.சி.ஈ.பி. போடலாம். இறப்பர் கையுறை, இறப்பர் மூடி இரண்டிலும் நாக ஒட்சைட்டு உண்டு. நாகமே சேர்க்காத மாதிரி ஒளிர்ந்தால் முதலில் கையைப் பாருங்கள்.

செம்புக்குக் கிளைசீன்–கிளைசீன்–ஹிஸ்டிடின் என்ற மூன்றே அமினோ அமிலம் போதும். நம் குருதி அல்புமினின் முனையிலும் இதே வகைப் பிடி இருக்கிறது. செம்பு முதல் அமினோ முனையையும் இரண்டு அமைட்டு நைதரசனையும் ஹிஸ்டிடினையும் சேர்த்துப் பிடிக்கும், அருகிலுள்ள ஒளிர்வு அணையும். ஒளிரும் சிக்கலை அமினோ முனையில் ஒட்டினால் செம்பு பிடிக்கும் இடமே போய்விடும் என்பது தெரிந்தும் பழக்கதோஷத்தில் அங்கேயே ஒட்டுவது நடக்கிற தவறு. மறுமுனையில் ஒரு லைசீனைச் சேர்த்து அதன் பக்கச் சங்கிலியில் ஒட்ட வேண்டும். வெளிச்சம் அணைவதை மட்டும் சான்றாகக் கொள்ளவும் கூடாது. வீழ்படிவானாலும் அணையும், வெளுத்தாலும் அணையும். செம்பைப் பறித்துக்கொள்ளும் ஈ.டி.ரி.ஏ. சேர்த்ததும் வெளிச்சம் திரும்பினால்தான் காரணம் செம்பு. களனி ஆற்று நீர் போன்ற மாதிரியில் இலைதழை கரைந்த பழுப்பு நிறம் ஊதாக்கடந்த ஒளியை விழுங்கும் என்பதால், தெரிந்த அளவு செம்பை அதே நீரில் படிப்படியாகச் சேர்த்துக் கோடு வரைவதே முறை.

நுணுக்குக்காட்டியின் கீழ்

பொதுவாக 10 முதல் 100 மைக்கிரோமூலர் உளவி, டி.எம்.எஸ்.ஓ. இருந்தால் 0.5 சதவீதத்துக்குள், பினோல் சிவப்பு இல்லாத ஊடகம், 458 அல்லது 488 நனோமீற்றர் லேசர், 600 க்கு மேல் சேகரிப்பு. இதோடு 4 பாகையில் ஒரு தட்டு. அங்கே உள்ளே போகாமல் 37 இல் மட்டும் போனால் கலம் சக்தி செலவழித்து விழுங்குகிறது என்று பொருள்.

கலங்களைப் போமல்டிஹைட்டில் நிலைநிறுத்திய பிறகு படமெடுக்காதீர்கள். நேரேற்றப் பெப்தைட்டு மென்சவ்வு செத்ததும் கசிந்து கருவில் போய் ஒட்டும். 2003 வரை பல முடிவுகளைக் கெடுத்தது இந்த மாயைதான். உயிருள்ள கலத்திலேயே பார்க்க வேண்டும்.

புரதச்சிதைவு நொதியங்கள் பெப்தைட்டை வெட்டிவிட்டாலும் உலோகம் ஒளிர்ந்துகொண்டேயிருக்கும். 24 மணித்தியாலம் கழித்துத் தெரியும் வெளிச்சம் முழு உளவியினதா, துண்டினதா என்று படம் சொல்லாது. குருதிப்பாயத்தில் வைத்து நேரத்துக்கு நேரம் எடுத்து வேறுபிரிப்பு நிரலில் ஓட்டிப் பாருங்கள். இயற்கையான இடக்கை வடிவத்துக்குப் பதில் வலக்கை வடிவ அமினோ அமிலங்களால் கட்டினால் நொதியம் எளிதில் தொடாது.

ஆயுட்காலப் படமெடுக்கும்போது லேசரின் அடுத்த துடிப்பு ஆயுட்காலத்தின் ஐந்து மடங்குக்குப் பிறகே வர வேண்டும். 5 மைக்கிரோசெக்கன் உளவிக்கு 25 மைக்கிரோசெக்கன். சாதாரண வேகத்தில் ஓடும் லேசர் அதற்குள் அடுத்த புள்ளிக்குப் போய்விடும்; வெளிச்சம் பக்கத்துப் புள்ளியில் இழுபட்டுத் தெரியும். ஓட்டத்தை மெதுவாக்க வேண்டும். மெதுவாக்கினால் கலம் அதிக ஒளி வாங்கும், ருதேனியம் ஒட்சிசனுக்குக் கொடுத்த சக்தி நச்சான ஒற்றை நிலை ஒட்சிசனாகிக் கலத்தைச் சிதைக்கும். இதே குணத்தை வைத்துச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காக ரி.எல்.டி.1433 என்ற ருதேனியச் சேர்வை மருத்துவப் பரிசோதனையில் இருக்கிறது. நமக்கோ அது தொல்லை. லேசர் படாத கலங்களின் ஓரத்தையும் படமெடுத்து ஒப்பிட்டால் கொப்புளிப்பது உளவியாலா ஒளியாலா என்று தெரியும்.

கொழும்பில் தொடங்குவதென்றால்

ஆயுட்கால நுணுக்குக்காட்டி இல்லாத இடத்தில் யூரோப்பியம்தான் புத்திசாலித்தனமான தொடக்கம். மில்லிசெக்கன் வெளிச்சத்துக்கு லேசரும் வேண்டியதில்லை. நேரம் தாழ்த்தி அளக்கும் வசதியுள்ள தட்டு வாசிப்பான் போதும். 340 இல் துடிப்பு, 400 மைக்கிரோசெக்கன் காத்திருப்பு, பிறகு 400 மைக்கிரோசெக்கன் சேகரிப்பு, 615 நனோமீற்றர் என்பது நெடுங்காலமாகப் பழகிய அமைப்பு. ரேனியம் ட்ரைகார்பனைல் சேர்வைகளும் நல்ல வழி. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்திலிருந்து அவை பற்றிய ஆய்வுகள் வெளிவந்திருக்கின்றன. அதே வடிவில் ரேனியத்துக்குப் பதில் கதிர்வீச்சை உமிழும் டெக்னீசியம்-99எம் வைத்தால் வைத்தியசாலைக் கமராவில் பார்க்கும் சேர்வை கிடைக்கும் என்பது அவற்றின் தனிச்சிறப்பு.

ஈரப்பதன் இங்கே நிரந்தரப் பகை. உறைநிலையிலிருந்து எடுத்த பெப்தைட்டுக் குப்பியை உடனே திறந்தால் உள்ளே பனி படியும். உலர்த்தியில் ஒரு மணித்தியாலம் வைத்து அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு திறவுங்கள். ஆர்ஜினின் மிகுந்த பெப்தைட்டு சில நிமிடத்தில் பசையாகிவிடும். அதன் நிறையில் எதிரயனும் நீரும் இருப்பதால் தராசை நம்பிச் செறிவு கணக்கிடாமல், ருதேனியத்தின் 450 நனோமீற்றர் உறிஞ்சலிலிருந்து கணக்கிடுங்கள்.

வெள்ளைத் தட்டுகள் சிக்னலைக் கூட்டும், ஆனால் அறை வெளிச்சத்தைச் சேமித்து வைத்துக் கொஞ்ச நேரம் தாமே மினுங்கும். வாசிப்பதற்கு முன் ஐந்து நிமிடமாவது இருட்டில் வையுங்கள். யூரோப்பியம் குளோரைட்டு நிறுக்கும் மேசையும் தட்டு நிரப்பும் மேசையும் வெவ்வேறாக இருக்கட்டும். பிக்கோமூலர் அளவைப் பிடிக்கும் முறையில் கையிலுள்ள தூசியே மாதிரியாகிவிடும்.

கலத்தைத் தொடுவதற்கு முன் கருவியைச் சோதிக்க ஒரு மலிவான வழி இருக்கிறது. யூரோப்பியம் குளோரைட்டு ஹெக்சாஹைட்ரேற்று 37 மில்லிகிராமை 10 மில்லிலீற்றர் தூய நீரில் கரையுங்கள். 10 மில்லிமூலர் கரைசல் கிடைக்கும். அன்டெனா இல்லை என்பதால் 394 நனோமீற்றரில் நேரடியாகக் கிளர்த்த வேண்டும். 340 வடிகட்டி மட்டுமுள்ள வாசிப்பானில் இது தெரியாது, அலைநீளத்தைத் தெரிவுசெய்யக்கூடிய கருவி தேவை. முதல் வாசிப்பை 50 மைக்கிரோசெக்கனுக்குப் பிறகே தொடங்கி, காத்திருக்கும் நேரத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போய், வெளிச்சம் இறங்கும் வளைவை வரையுங்கள். யூரோப்பியத்தைச் சுற்றி ஒன்பது நீர் மூலக்கூறு இருக்கும்போது ஆயுட்காலம் 0.11 மில்லிசெக்கனாக வர வேண்டும். 0.2, 0.3 என்று நீண்டால் நீரை விலக்கிவிட்டு வேறேதோ உலோகத்தில் ஒட்டியிருக்கிறது. பாத்திரம் கழுவிய சவர்க்காரத்தில் எஞ்சிய பொஸ்பேற்றோ ஈ.டி.ரி.ஏ. யோ இருக்கலாம், புதுப் பிளாஸ்ரிக் குழாயில் மறுபடி செய்து பாருங்கள். எவ்வளவு சுத்தமாகச் செய்தும் 0.11 வரவில்லை என்றால் கோளாறு கருவியின் கடிகாரத்தில் இருக்கிறது. அதைச் சரிசெய்யும் வரை பெப்தைட்டுக் குப்பியைத் திறக்க வேண்டாம்.